ஒரே மீட்டரில் இரு குடும்பம்

மின்னி பேயில் ஒரே மீட்டரைப் பகிர்ந்து வாழும் நம்மவரிடையே கோடைதோறும் எழும் வழக்கு ஒன்றுண்டு. ஒரு குடும்பம் கப்பலேறித் தாயகம் சென்று திரும்பும். “விளக்கே ஏற்றாத மாதத்திற்கு நாங்கள் ஏன் பணம் தரவேண்டும்?” என்பர் அவர்கள். “பில்லில் பாதி உங்களுடையது” என்பர் மற்றவர். இருவர் கூற்றும் பிழையே.

பில்லில் இருவகைத் தொகை உண்டு. கம்பியும் மின்மாற்றியும் இயந்திரமும் எந்நேரமும் ஆயத்தமாயிருப்பதற்கு வாங்குவது நிலைக் கட்டணம். வீடு பூட்டிக் கிடந்தாலும் அது வரும். மற்றது யூனிட் கட்டணம். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். தமிழ்நாட்டில் 2016-இல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமாயிற்று. 2022-இல் வீட்டு நிலைக் கட்டணமும் நீக்கப்பட்டது. ஆகவே ஊரிலிருந்து புதிதாக வந்தோர்க்கு இது விளங்காததில் வியப்பில்லை.

ஊர் சென்றவர் நிலைக் கட்டணத்தில் பாதியைத் தருவதே முறை. யூனிட்டுக்குத் துணை மீட்டர் காட்டுவதை மட்டும் தந்தால் போதும். குளிர்ப்பெட்டியை ஓடவிட்டுக் கப்பலேறியவர் மட்டும் வழக்காடாதிருப்பது நலம்!

தனி மீட்டர் வாங்கினால் இலாபமா என்று கேட்போரும் உளர். பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் படிப்படியாக உயர்வதால், இதற்கு ஒரே விடை இல்லை. கணக்கிற்காக நிலைக் கட்டணம் 50 ரூபாய், முதல் 100 யூனிட்டுக்குத் தலா 3 ரூபாய், அதற்கு மேல் 6 ரூபாய் என்று கொள்வோம். இரு குடும்பமும் 90 யூனிட் வீதம் செலவிட்டால், ஒரே மீட்டரில் 830 ரூபாய் ஆகும். தனித்தனி மீட்டரில் இரண்டும் சேர்ந்து 640 ரூபாய்தான். ஆனால் 45 யூனிட் வீதமே செலவிடுவோர்க்கு ஒரே மீட்டரில் 320, தனி மீட்டர்களில் 370. நிலைக் கட்டணம் இருமுறை விழுவதே காரணம்.

இத்தீவுகள் பெருநிலத்தின் மின்தொடரோடு இணைக்கப்படாதவை. இங்கு மின்சாரத்தின் பெரும்பகுதி கப்பலில் வரும் டீசலை எரித்தே பிறக்கிறது. உற்பத்திச் செலவு நாம் கட்டும் தொகையினும் மிக அதிகம். எஞ்சியதை அரசு ஏற்கிறது. கட்டண விகிதங்களைக் கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கிறது. அவ்வப்போது அவை மாறுமாதலால், நாம் கொண்ட எண்களை விடுத்து, அண்மைப் பில்லில் உள்ளவற்றை இட்டுக் கணக்கிடுக. தனி இணைப்பே மேல் என்று தேறினால், வீட்டு உரிமையாளரின் இசைவை முன்னரே எழுத்தில் பெற்றுவிடுக.