ஊசி போடுவது யார் என்று கேட்போம்

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு சி.டி.எச். சாலையில் போனாலும், பூந்தமல்லி பக்கம் போனாலும், தோல், முடி, எடை எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் சிகிச்சை என்று சொல்லும் கிளினிக்குகள் கண்ணில் படுகின்றன. ஓர் அறையில் லேசர், அடுத்த அறையில் எண்ணெய்ச் சிகிச்சை, இன்னோர் அறையில் கையில் டிரிப். அங்கே போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண் பார்க்கும்போது நிறத்தைப் பேசுகிறவர்களும், முடி கொட்டிய மாப்பிள்ளையைத் தட்டிக் கழிப்பவர்களும் நாம்தானே? அந்த ஆசையை வளர்த்த நமக்கு, அதனால் ஓர் உயிர் போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் உண்டு.

2016 மே மாதம் சென்னை மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் ஒருவர் நகரின் தனியார் மையம் ஒன்றில் முடி நடவு செய்துகொண்டார். ஓரிரு நாளில் இறந்துபோனார். வயது 22. அந்த மையத்துக்கு இருந்தது முடிதிருத்தும் நிலையத்துக்கான உரிமம்தான் என்று பிறகு செய்தி வந்தது. மருத்துவம் படித்தவராலேயே அந்த இடத்தை எடைபோட முடியவில்லை என்றால், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்துவிட்டு வரும் தொழிலாளி என்ன செய்வார்?

விதிகள் இல்லாமல் இல்லை. முடி நடவு ஓர் அறுவை சிகிச்சை, யூடியூபில் பார்ப்பது அதற்கான பயிற்சி ஆகாது என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிறம் கூட்டுவதற்காக குளுட்டதயோன் ஊசி போட இந்தியாவில் அனுமதி கிடையாது. தனியார் கிளினிக்குகள் பதிவுபெற வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1997லேயே சட்டம் வந்தது. ஆனால் அம்பத்தூர் சென்னை மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். ஒரே சாலையில் இருக்கும் கிளினிக்குகளை இரண்டு மாவட்ட அதிகாரிகள் பார்க்கிறார்கள். அவர்கள் சேர்ந்து ஆய்வுக்கு வர வேண்டும்.

இந்தக் கிளினிக்குகளில் சித்தாவும் யோகாவும் நவீன மருத்துவமும் கைகோப்பதில் எனக்கு மறுப்பில்லை. அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையை நம்பிப் போகும் குடும்பங்கள் இந்தப் பகுதியில் ஏராளம். ஒரு முறையில் படித்தவர் இன்னொரு முறையின் ஊசியை எடுப்பதுதான் ஆபத்து. நேர்மையாகத் தொழில் செய்யும் மருத்துவர்கள் இதில் மௌனமாக இருக்கக் கூடாது. எந்தச் சிகிச்சையை யார் செய்கிறார், அவர் படிப்பு என்ன, மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஏற்பாடு என்பதை அவர்களே வரவேற்பறையில் எழுதி வைக்கலாம். குடியிருப்போர் நலச் சங்கங்களும் குப்பை, சாக்கடையோடு இதையும் கூட்டத்தில் பேச வேண்டும்.

அடுத்த முறை போகும்போது சுவரில் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபாருங்கள். சித்த மருத்துவர் என்றால் அவருடைய கவுன்சிலில் விசாரியுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடுங்கள். வந்த கையோடு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு ஒரு புகாரும் எழுதுங்கள்.