காட்டேரிக்கும் வேண்டும் சிவப்பு மை

நாம் போற்றும் எழுத்தாளர் ஒருவர் மோசமான நூலொன்றை எழுதிவிட்டால் அதை வாய்விட்டுச் சொல்லலாமா? கொழும்புத் தமிழ் இலக்கிய உலகின் விடை தெளிவானது: சொல்லலாகாது.

அமெரிக்க நாவலாசிரியை ஆன் ரைஸின் கதை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. இரத்தக் காட்டேரிகளை வைத்து இலக்கியம் படைத்தவரென்று கொண்டாடப்பட்டவர் அவர். முதல் நாவலான 'இன்ரர்வியூ வித் த வம்பயர்' 1976இல் வெளிவந்தது. ஐந்து வயது மகளை 1972இல் இரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அந்தத் தாய், என்றுமே வளராத காட்டேரிச் சிறுமி ஒருத்தியை அதில் படைத்தார். குளோடியா என்னும் அச்சிறுமியைப் படித்தவர் மறப்பதில்லை.

அதே வரிசையின் பத்தாவது நாவலாக 2003இல் 'பிளட் கன்ரிக்கிள்' வந்தது. தொடக்கத்திலேயே கதாநாயகன் லெஸ்டாட், முந்தைய நூலொன்றை மெச்சத் தவறிய வாசகர்களைக் கடிந்துகொள்கிறான்! காட்டேரி கழுத்தைக் கடிக்கலாம். காசு கொடுத்து நூல் வாங்கியவனைக் கடிக்கலாமா? பிறகு, தான் புனிதனாக வேண்டுமென்கிறான். வேறொரு தொடரின் சூனியக்காரக் குடும்பமும் வந்து புகுந்துகொள்கிறது.

வாசகர்கள் அமேசான் தளத்தில் வெகுண்டெழுந்தனர். 2004 செப்டெம்பரில் ரைஸ் அங்கேயே நீண்ட பதிலொன்றை இட்டார். தமது எழுத்தில் செவ்விதாக்குநர் எவரும் கைவைக்க இடமளிப்பதில்லை என்றும், போராடியே இந்நிலையை அடைந்ததாகவும் பெருமையோடு அறிவித்தார். பிடிக்காதவர்கள் நூலைத் திருப்பி அனுப்பினால் பணம் தருவதாகவும் சொன்னார். (இந்த ஒன்றை மட்டும் நம்மவர்கள் பின்பற்றினால் பலர் கடனாளியாவர்.)

கணவரை 2002 டிசம்பரில் இழந்தவர்மீது இரக்கம் வேண்டாமா என்பார் உளர். மகளை இழந்ததும் துயரந்தானே? அத்துயரில் பிறந்தவள்தான் குளோடியா. இடையில் இல்லாமற் போனவர், 'இந்தப் பக்கம் வேண்டாம், அம்மா' என்று சொல்லக்கூடிய ஒருவரே.

நான் வளர்ந்த ஆசிரியபீடத்தில் பிரதம ஆசிரியரின் கட்டுரையும் ஒப்புநோக்குநரைத் தாண்டியே அச்சேறும். இன்றோ எழுத்தாளர் தட்டச்சிட்டுக் கொடுப்பது, கொட்டாஞ்சேனை அச்சகத்தில் எழுத்துப் பிழையோடு அப்படியே நூலாகிறது. வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்து மங்கல விளக்கேற்றுகிறார்கள். வாழ்த்துரை, நயவுரை, ஏற்புரை. முதற்பிரதி பெறும் வர்த்தகப் பிரமுகர் கடித உறையை நீட்டிவிட்டுப் புறப்படுகிறார். நூலைப் படித்தவர் அம்மண்டபத்தில் எத்தனை பேர்? ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இதே சடங்குதான்.

ரைஸின் வாசகர்கள் கோபித்தார்களே, அது மரியாதை. கடைசிப் பக்கம்வரை படித்தவனே அப்படிக் கோபிப்பான். நம் எழுத்தாளருக்கு அதுவும் வாய்ப்பதில்லை. நல்ல சிறுகதைகள் தந்த ஒருவர் எழுபது வயதில் சோர்ந்த நாவலொன்றை எழுதினால், மேடையில் 'மகுடம்' என்கிறோம். வெளியே தேநீர்க் கோப்பையுடன் நின்று வேறு பேசுகிறோம். அவரும் மேடையை நம்பி அடுத்ததை எழுதத் தொடங்குகிறார்.

அடுத்த மாதமும் வெள்ளவத்தையில் ஒரு வெளியீடு. நயவுரைக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். அழைப்பிதழில் பெயர் அச்சாகிவிட்டது. நூல்தான் இன்னும் கைக்கு வரவில்லை.