வீட்டுச் சாவி யார் கையில்?



வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகளும் சகோதரர்களும் அனுப்பும் பொதிகளில் இப்போது சவர்க்காரம், பால்மாவுடன் புதுப் பொருட்களும் வருகின்றன. கைத்தொலைபேசியால் எரியவும் அணையவும் செய்யும் மின்குமிழ், கமரா, பிளக், கதவு திறந்தால் அறிவிக்கும் கருவி போன்றவை. இவற்றை 'ஸ்மார்ட்' பொருட்கள் என்கிறார்கள். தனித்து வாழும் பெண்ணுக்கு இவை ஆடம்பரம் அல்ல. இரவில் முற்றத்தில் நிற்பது யாரென்று கதவைத் திறக்காமலே பார்க்க முடிவது, போரில் கணவனை இழந்து பிள்ளைகளுடன் இருக்கும் ஒருத்திக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை.

ஹல்துமுல்லையில் எமது பெண்கள் குழுவைச் சேர்ந்த ஒரு தாயின் வீட்டில், கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய குமிழ், பண்டாரவளையில் வாங்கிய கமரா, மருமகன் கொண்டுவந்த பிளக் ஆகிய மூன்றும் உள்ளன. மூன்றும் வெவ்வேறு கம்பனிகளுடையவை. மூன்று செயலிகள், மூன்று கடவுச்சொற்கள். வாசலில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் குமிழ் எரியவேண்டும் என்பதே அந்தத் தாயின் விருப்பம். ஆனால் கமரா கண்டதைக் குமிழ் அறியவில்லை.

ஏன் இப்படி? ஒவ்வொரு கம்பனியின் பொருளும் தன் கம்பனியின் கணினிக்கே செய்தி அனுப்புகிறது. ஒரே வைஃபையில் இருந்தாலும் ஒன்றின் மொழி மற்றதற்குப் புரிவதில்லை. எமது வீடுகளில் 5 அம்பியர், 15 அம்பியர் வட்ட முனைகளும், 13 அம்பியர் சதுர முனையும் கலந்து கிடந்து, பொருத்த முடியாமல் நாம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். கடைசியில் 13 அம்பியர் சதுர முனையே நாட்டின் பொதுத் தரமாகத் தெரிவு செய்யப்பட்டது.

அதுபோன்ற ஒரு பொதுத் தரம் இப்பொருட்களுக்கும் வந்துள்ளது. 2019 டிசெம்பரில் அமேசான், அப்பிள், கூகுள் ஆகிய போட்டிக் கம்பனிகள் ஒன்றுசேர்ந்து பொது மொழி ஒன்றை உருவாக்குவதாக அறிவித்தன. 'மேட்டர்' என்ற பெயரில் அதன் முதல் பதிப்பு 2022 ஒக்டோபரில் வெளியானது. ஆகவே இனி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில:

1. பெட்டியில் 'மேட்டர்' அடையாளம் உள்ளதா எனப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்புவோரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

2. இவற்றை ஒன்றிணைக்க ஒரு மையக் கருவி தேவை. அதுவும் மேட்டரை ஏற்பதாக இருக்கவேண்டும்.

3. முதல் பதிப்பில் கமரா சேர்க்கப்படவில்லை. 2025 இறுதியில்தான் சேர்ந்தது. எனவே கமராவும் குமிழும் ஒன்றாக இயங்கவேண்டுமானால், இப்போதைக்கு ஒரே கம்பனியின் பொருட்களை வாங்குவதே எளிது.

4. மலிவான பொருட்களில் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். இணையாவிட்டால் முதலில் அதைப் பாருங்கள்.

மேற்சொன்ன தாய்க்கு நாம் கூறிய வழி இதையெல்லாம்விடச் சுலபமானது. ஆள் நடமாட்டத்தைத் தானே உணர்ந்து எரியும் குமிழ் கடைகளில் கிடைக்கிறது. அதற்கு வைஃபையும் வேண்டாம், செயலியும் வேண்டாம். வாசலுக்கு அதுவே போதும்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். எல்லாப் பொருளும் ஒரே செயலியில் இணையும்போது, முழு வீட்டுக்கும் ஒரே சாவி என்றாகிவிடுகிறது. அந்தச் சாவி யாரிடம்? பெரும்பாலும் பொருளைப் பூட்டித் தந்த ஆணின் தொலைபேசியில். அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் பிரிந்துபோன கணவனோ, சொத்துக்காக மிரட்டும் உறவினரோ அந்தச் சாவியை வைத்திருந்தால், நீங்கள் எத்தனை மணிக்கு விளக்கணைக்கிறீர்கள், யார் வந்து போகிறார் என்பதெல்லாம் அவர் கண்முன். கண்காணிக்கப்படுவது எப்படிப்பட்டது என்பதை உங்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

எனவே கணக்கை உங்கள் பெயரில், உங்கள் தொலைபேசி இலக்கத்தில் திறக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை நீங்களே போடுங்கள். செயலியில் 'உறுப்பினர்' பட்டியலை மாதமொருமுறை பாருங்கள். மேட்டர் பொருளை ஒரே நேரத்தில் இருவரின் செயலிகளில் இணைக்கலாம் என்பதால், உங்கள் செயலியில் நீக்கினால் மட்டும் போதாது. சந்தேகம் வந்தால் பொருளைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றிய பின், புதிதாக இணையுங்கள். இணைப்புக் குறியீடு உள்ள சிறு தாளைப் பத்திரப்படுத்துங்கள். மிரட்டல் உள்ள வீடாயின், மாற்றுவதற்கு முன் நம்பிக்கையான ஒருவரிடமோ பெண்கள் அமைப்பிடமோ பேசுங்கள். திடீரெனப் பார்வை தடைப்பட்டால் மிரட்டுபவர் ஆத்திரப்படக்கூடும்.

கருவியை முற்றாக நம்பியிருப்பதும் ஆபத்து. பல கம்பனிப் பொருட்களை இணைத்த 'ரிவோல்வ்' என்ற கருவியை, அதை வாங்கிய நெஸ்ட் கம்பனி 2016 மே மாதத்தில் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் கையில் வெறும் பெட்டிதான் மிஞ்சியது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது எமது பதுளை மாவட்டத்தில் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்த பகுதிகளில் எந்தச் செயலியும் உதவவில்லை. சுவர் சுவிட்சும், டோர்ச் லைட்டும், கதவின் இரும்புத் தாழ்ப்பாளும் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

பொருட்கள் ஒன்றோடொன்று பேசட்டும். ஆனால் அவை யார் சொல்லைக் கேட்கவேண்டும் என்பதை வீட்டில் வாழும் நீங்களே தீர்மானியுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.