அரைக்கிற தொட்டி

தங்கையின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தேன். அங்கே பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு அடியிலேயே மிச்சம் மீதியை அரைக்கும் மிஷின். நம்ம மிக்ஸி மாதிரிதானே என்று முருங்கைக்காய்ச் சக்கை, மிஞ்சிய சோறு எல்லாவற்றையும் தள்ளினேன். 'உம்'மென்று முனகி நின்றுவிட்டது! பச்சை உடம்புக்காரி இருக்கிற வீட்டில் தொட்டி நிறைய அழுக்குத் தண்ணீர்.

மிக்ஸி போல் இதில் கத்தி கிடையாதாம். தட்டு சுழன்று, சுற்றுச் சுவரில் மோதவிட்டுத்தான் தேய்க்கிறது. நார் சுற்றிக்கொள்ளும், சோறு குழாயில் பசையாகிவிடும். இரண்டும் குப்பைக்கூடைக்குத்தான், எண்ணெய்ப் பிசுக்கும் அப்படியே. மற்றதைப் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாய்த் தள்ளணும்.

நின்றுபோனால் கையை மட்டும் உள்ளே விட்டுடாதீங்க! தங்கை வீட்டுக்காரர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இடுக்கியால் நாரை எடுத்தார். அடித்துளையில் அதற்கான சாவியைக் கொடுத்து அசைத்தார். சற்று ஆறியதும் கீழேயுள்ள சிவப்புப் பொத்தானை அமுக்கி, பிளக்கைச் செருகினார். ஓடிற்று.