எளிமை யார் செலவில்?

கோடை பிறந்ததும் லண்டன் வார இதழ்களில் ஒரு வகைக் கட்டுரை தவறாமல் தலைகாட்டும். எழுதுபவர் பெரும்பாலும் ஒரு சமையற்கலைஞர். உணவகத்தின் அடுப்பனலிலிருந்து சில வாரங்கள் விடுபட்டவர். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு நகரைக் குறுக்கே கடந்து தம் தோட்டத் துண்டுக்குப் போவார். அவரைக் கொடிக்குக் கம்பு நடுவார். ஒரு கைப்பிடி பட்டாணியும் நாலு சுக்கினியும் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டு திரும்புவார். உப்பு, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் தவிர வேறெதையும் நாடாமல் மதிய உணவை முடிப்பார். வாழ்வதற்கு இவ்வளவு போதும் என்ற ஞானம் கடைசிப் பத்தியில் வந்து சேரும்.

இந்த எழுத்தின்மீது எங்களுக்குப் பகை இல்லை. அதில் நல்லவை உண்டு. அவற்றை விரும்பிப் படிக்கிறவர்கள்தாம் நாங்கள். எங்கள் சண்டை, தமிழ்ச் சூழலில் அது வாசிக்கப்படும் விதத்தோடு. நம்மவர்களில் ஒரு சாரார், பார்த்தீர்களா, மேலைநாட்டானே எளிமைக்குத் திரும்பிவிட்டான், எளிமை மனத்தில்தான் இருக்கிறது என்று உபதேசம் தொடங்கிவிடுகிறார்கள். மற்றொரு சாராருக்கு அடுப்படி என்றாலே இளக்காரம். கத்தரிக்காயைப் பற்றி எழுதுவது இலக்கியமாகுமா என்று கேட்பார்கள். எதிரெதிரே நிற்பதாகத் தோன்றும் இவ்விரு தரப்பும் ஒரே பிழையில் கைகோத்து நிற்கின்றன. அந்தக் கோடைக்கு வரலாறு கிடையாது என்று இரண்டுமே நம்புகின்றன.

வரலாறு உண்டு. முதலில் தட்டிலிருந்து தொடங்குவோம். ஆங்கிலேயரின் 'எளிய கோடைச் சமையல்' என்ற கருத்துக்கு உருக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் எலிசபெத் டேவிட் (1913-1992). மத்தியதரைக்கடல் உணவு பற்றிய அவருடைய முதல் நூல் 1950இல் வெளிவந்தது. கோடைச் சமையல் பற்றிய நூல் 1955இல். இவ்வாண்டுகளைச் சும்மா கடந்துவிடக் கூடாது. பிரிட்டனில் 1940 ஜனவரியில் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954 ஜூலையில்தான் முற்றாக நீங்கியது. போர்க்காலத்தில்கூடப் பங்கிடப்படாத ரொட்டி, போர் முடிந்த பிறகு 1946 முதல் 1948 வரை பங்கீட்டுக்குள் வந்தது. ஆலிவ் எண்ணெயை மருந்துக்கடையில் தேடிய காலம் அது. அந்த நாட்டில் அமர்ந்துகொண்டு எலுமிச்சையையும் பூண்டையும் தக்காளியையும் பற்றி எழுதிய பெண்மணி துறவு பேசவில்லை, பசியைப் பேசினார். 'இவ்வளவு போதும்' என்பதல்ல அவர் கட்சி. நல்லது வேண்டும், அதை வேகவைத்தே கெடுக்காதீர்கள் என்பதுதான். மாவுக் குழம்பில் மூழ்கடித்த காய்கறிக்கு எதிரான கலகம் அவருடைய எளிமை. அதைக் காந்தியக் கைராட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பூசை செய்கிற நம் உபதேசிகள் அவரிடமிருந்து ருசியைத் திருடிவிடுகிறார்கள்.

அடுத்தது தோட்டம். அந்தச் சமையற்கலைஞர் காலையில் போய்ச் சேரும் துண்டு நிலம் வானத்திலிருந்து விழுந்ததன்று. அதற்கு அலாட்மெண்ட் என்று பெயர். மக்கள் கேட்டால் உள்ளாட்சி அமைப்பு தோட்ட நிலம் ஒதுக்கித் தர வேண்டும் என்ற கடமையை 1908ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஒரு முழுத் துண்டின் வழக்கமான அளவு சுமார் 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குச் சற்று அதிகம். இரண்டாம் உலகப்போரின்போது அரசே முன்னின்று மக்களை மண்வெட்டி எடுக்கச் சொன்னது, பூங்காக்கள்கூட உழப்பட்டன. இன்று லண்டனின் உட்பகுதிகளில் இத்தகைய ஒரு துண்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்கிறது. ஆகவே அங்கே பறித்த பட்டாணியில் சூரியனும் மழையும் மட்டுமல்ல, நூறாண்டைத் தாண்டிய ஒரு சட்டமும் இருக்கிறது. உழைப்பவருக்கும் நிலம் வேண்டும் என்று வாதாடியவர்களின் குரலும் இருக்கிறது. மனத்தில் மட்டும் எளிமையை வைத்துக்கொண்டு அவரை போட முடியாது. மண் வேண்டும்.

மூன்றாவது சைக்கிள். நகரச் சைக்கிளோட்டத்தைத் தியானம்போல வருணிப்பது இன்றைய பாணி. 2013 நவம்பரில் இரண்டே வாரங்களுக்குள் லண்டன் தெருக்களில் ஆறு சைக்கிளோட்டிகள் வாகனம் மோதி இறந்தார்கள். அம்மாத இறுதியில், நகரப் போக்குவரத்துத் துறையின் தலைமையகத்தின்முன் மக்கள் சைக்கிள்களோடு தரையில் பிணம்போலப் படுத்துப் போராடினார்கள். தேம்ஸ் கரையோரமாகத் தடுப்புக் கல் பிரித்த சைக்கிள் தடம் 2016இல் திறக்கப்பட்டது. நெதர்லாந்தின் கதையும் இதுவே. 1971இல் அந்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் மாண்டார்கள்; அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற முழக்கத்தோடு பெற்றோர்கள் தெருவுக்கு வந்த பின்னர்தான், இன்று நாம் படங்களில் கண்டு பெருமூச்சு விடும் அந்தத் தடங்கள் பெருகின. ஓட்டுகிறவரின் மனஅமைதியைப் பற்றி எழுதுகிறவர்கள், அந்த அமைதிக்காகத் தார்ச்சாலையில் படுத்தவர்களைப் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டாமா?

இனி நம் உபதேசிகள் கண்ணெடுத்தும் பாராத இன்னொரு சைக்கிள். அதே தெருவில், அதே வெயிலில், முதுகில் சதுரப் பையைச் சுமந்துகொண்டு உணவு கொண்டுபோகிறவர் ஒருவர் இருக்கிறார். டெலிவரூ நிறுவனத்துக்காக ஓட்டுகிறவர்கள் சார்பில், கூட்டாகப் பேரம் பேசும் உரிமை கேட்டு ஒரு தொழிற்சங்கம் வழக்காடியது. தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பிக்கொள்ள அவர்களால் முடியும் என்பதை முக்கியக் காரணமாகக் காட்டி, அவ்வுரிமைக்குரிய வேலை உறவில் அவர்கள் இல்லை என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. இரண்டு பேர் மிதிப்பதும் இரண்டு சக்கரந்தான். இரண்டு பேரும் கொண்டுபோவதும் உணவுதான். ஒருவருடையது எளிமை எனப்படுகிறது. மற்றவருடையதற்கு வேலை என்ற பெயர்கூடச் சட்டத்தில் முழுதாகக் கிட்டவில்லை. எளிமை மனத்தில் இருக்கிறது என்றால், இவ்விருவரில் எவர் மனத்தில்?

கோடையும் இப்போது பழைய கோடை அன்று. 2022 ஜூலை 19 அன்று பிரிட்டனில் முதன்முறையாக வெப்பம் 40 பாகையைத் தாண்டியது. லண்டனின் கிழக்கு ஓரத்தில் வீடுகள் தீக்கிரையாயின. அடுத்த மாதம் அந்நகரத்தில் குழாய் வைத்துத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சத் தடை வந்தது. 2019இல் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இது புதிய பாடமன்று. வெயிலைக் கொண்டாடுகிற எழுத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இனி ஒரு செடியைக்கூட வளர்க்க முடியாது.

நம் வீட்டுக்கு வருவோம். 'பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு ரசம், ஒரு துவையல், கொஞ்சம் கீரை போதும்' என்று கூடத்திலிருந்து சொல்கிறவர் தாம் குறைவாகக் கேட்டதாகவே நம்புகிறார். புளி ஊறவைத்துக் கரைப்பது, மிளகும் சீரகமும் தட்டுவது, துவையலுக்கு வறுத்து அரைப்பது, அரைமணி நேரம் உட்கார்ந்து கீரை ஆய்வது, பிறகு அத்தனை பாத்திரங்களையும் துலக்குவது ஆகியவை அந்தப் 'போதும்' என்ற சொல்லுக்குள் அடங்குவதில்லை. தமிழில் எளிய சமையலைப் புகழ்ந்தவர்களில் கீரை ஆய்ந்தவர்கள் எத்தனை பேர்? சாப்பிடுகிறவரின் எளிமை சமைக்கிறவரின் நேரம். லண்டன் கட்டுரையின் ஒரு நேர்மையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்: அங்கே புகழ்கிறவரும் சமைக்கிறவரும் ஒருவரே. இறக்குமதி செய்யும்போது நாம் வழியில் தவறவிட்டது அந்த நேர்மையைத்தான்.

சைக்கிளும் நமக்குத் துறவின் சின்னமாக இருந்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் ஊடாகக் கிராமத்துப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் கற்றார்கள். அவர்கள் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை, பெருக்கிக்கொண்டார்கள். தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் பிறர் தயவின்றிப் போய்வர அவர்களுக்கு வழி பிறந்தது. சென்னை மாநகராட்சியோ, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்க்கும் சைக்கிளோட்டிகளுக்கும் ஒதுக்குவது என்ற கொள்கையை 2014இல் ஏற்றது. ஆனால் விடியுமுன் கல்யாண மண்டபத்துக்குப் பழைய சைக்கிளில் போகிற நம்மூர்ச் சமையற்காரர் இன்றைக்கும் பேருந்துக்கும் லாரிக்கும் இடையே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகிறார். அவருடைய கோடையை எழுத இதுவரை எந்த இதழும் பக்கம் ஒதுக்கியதாகத் தெரியவில்லை. அவர் எளிமையானவர் அல்லர் போலும், ஏழை மட்டுந்தான்.

இதையெல்லாம் சொல்வதால், ஒரு கைப்பிடி பட்டாணியின் இன்பத்தைக்கூட அரசியலாக்கிக் கெடுக்கிறார்கள் என்று எங்கள்மீது பழி வரும். வரட்டும். இன்பத்தை நாங்கள் மறுக்கவில்லை. அது சிலருக்கு மட்டும் கிடைப்பதை மறுக்கிறோம். நிலமும் தடமும் நேரமும் நீரும் பொதுவில் இருந்தால் எளிமை யாருக்கும் கைகூடும். அவை இல்லாத இடத்தில் எளிமையை உபதேசிப்பது, இல்லாதவனிடம் 'இல்லாமையை ரசி' என்று சொல்வதற்குச் சமம்.

ஆகையால் அடுப்படியை இளக்காரம் செய்கிறவர்களிடம் நாங்கள் கேட்பது, அங்கே எழுதத் தக்க வரலாறு குவிந்து கிடக்கிறது, கொஞ்சம் உள்ளே வாருங்கள் என்பதே. எளிமையைப் போற்றுகிறவர்களிடம் கேட்பது இன்னும் சிறிது. கோடையைப் பற்றி எழுதுங்கள். சைக்கிளையும் செடியையும் சோற்றையும் பற்றித் தாராளமாக எழுதுங்கள். எழுதும்போது சாலையை யார் கேட்டு வாங்கினார்கள், நிலம் யாருடையது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, பாத்திரம் துலக்கியது யார் என்ற நாலு வரிகளையும் சேர்த்து எழுதுங்கள்.