உயில் எழுதாச் சமுதாயம்

மலேசியத் தமிழர் இல்லங்களில் ஒருவர் மறைந்தால் செய்ய வேண்டிய சடங்குகள் யாவும் முறை தவறாமல் நடைபெறுகின்றன. தமிழ் நாளேட்டில் படத்துடன் இரங்கல் அறிவிப்பு வெளிவருகிறது. பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு அழைப்பு அச்சாகிறது, பந்தல் எழுகிறது, சுற்றமும் நட்பும் இலையில் அமர்ந்து உண்டு செல்கின்றன. ஆண்டு நிறைவில் மீண்டும் ஓர் அறிவிப்பு, மீண்டும் ஒரு படையல். இத்தனைக்கும் இடையில், மறைந்தவர் வாழ்ந்த வீடு யார் பெயருக்கு மாற வேண்டும், அவருடைய சேமநிதிப் பணம் யாரைச் சேரும், பத்து வயது மகளுக்கு இனிப் பொறுப்பாளர் யார் என்னும் வினாக்களை எழுப்புவது மட்டும் அநாகரிகம் என்று கருதப்படுகிறது. அவ்வினாக்கள் எழுந்தே தீரும். எழும் நாளில் விடை கூற வேண்டியவர் உயிரோடு இருப்பதில்லை. விடையை எழுதிவைத்துச் செல்லும் வழக்கமோ இந்தச் சமுதாயத்தில் இன்னும் வேரூன்றவில்லை.

காரணம் கேட்டால், "எழுதிவைக்க நம்மிடம் என்ன கொட்டிக் கிடக்கிறது?" என்னும் எதிர்வினாவே பிறக்கும். பால்மரக் காட்டில் உழைத்த தலைமுறைக்கு இச்சொல் பொருந்தியது. லயத்து வீடு தோட்ட நிருவாகத்துக்கு உரியது; வேலை நின்றபோது வீடும் போயிற்று. ஓரிரு கறவை மாடுகளுக்கும் மனைவி கழுத்துத் தாலிக்கும் உயில் எதற்கு? ஆனால், அந்தத் தலைமுறையே எழுதத்தக்க உடைமைகளைத் தேடவும் தொடங்கிற்று. 1951-இல் ஊழியர் சேமநிதி ஏற்பட்டது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது, தோட்டத் தொழிலாளர்கள் வாய்க்கும் வயிற்றுக்கும் போக எஞ்சிய வெள்ளியைச் சிறுகச் சிறுகச் செலுத்திப் பங்கு வாங்கினர். அத்தகைய பங்குச் சான்றிதழ் ஒன்று, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டனாரின் தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் கிடந்து, படித்த பேரன் கையில் சிக்கும்போது, அதற்கு உரியவர் யார் என்று மெய்ப்பிக்க அவன் பல அலுவலகங்களின் படியேற நேர்கிறது.

அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று தாமான்களில் கடன்பட்டு வீடு வாங்கியிருக்கின்றனர். சேமநிதி இருக்கிறது, காப்புறுதி இருக்கிறது, அமானா சகாம் கணக்கு ஒன்றும் இருக்கக்கூடும். ஆலைத் தொழிலாளி ஒருவரின் முப்பதாண்டு வியர்வை இவ்வடிவங்களில்தான் தங்கி நிற்கிறது. ஆயினும், "ஒன்றுமில்லை" என்னும் பழஞ்சொல் நாவை விட்டு அகலவில்லை. பணிவு போல் ஒலிக்கும் இச்சொல்லுக்குள் ஒளிந்திருப்பது சோம்பலே.

உயில் செல்வர்க்கு உரியது என்னும் எண்ணத்தைப் போலத் தலைகீழான எண்ணம் பிறிதொன்றில்லை. செல்வரின் குடும்பம் காத்திருக்க வல்லது. வழக்கறிஞரை அமர்த்த வல்லது. மாதச் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பத்தலைவர் மறைந்து, அவர் பெயரிலிருந்த வங்கிக் கணக்கு முடங்கினால், அடுத்த மாதத் தவணைக்கே அவ்வீட்டார் திண்டாடுவர். உயிலின்றி மறைந்தவரின் உடைமையைக் கையாள நிருவாக உரிமை பெற வேண்டும். அதற்கு உரிமையுள்ள ஏனையோரின் இசைவு வேண்டும். நீதிமன்றம் பிணை முறியும் பிணையாளர் இருவரும் கேட்கலாம். ஏழைக் கைம்பெண்ணுக்குப் பிணை நிற்கும் வசதியுடையோர் எங்கே கிடைப்பர்? உயிலில் நிறைவேற்றுநர் என ஒருவரைப் பெயர் குறித்துவிட்டால் பொதுவாக இந்தப் பிணைச்சுமை எழுவதில்லை. வீடும் நிலமும் உள்ளிட்ட சிறு உடைமைகளை 1955-ஆம் ஆண்டுச் சிறு உடைமைப் பகிர்வுச் சட்டத்தின்கீழ் நில அலுவலகத்திலேயே தீர்த்துக்கொள்ள வழியுண்டு என்பது உண்மைதான். ஆனால் அங்கும் வாரிசுகள் அனைவரும் ஒருமுகமாக நின்றால்தான் காரியம் விரைந்து முடியும்.

ஒருமுகமாக நிற்பரா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாத ஒருவர் உயிலின்றி மறைந்தால், 1997-இல் திருத்தப்பெற்ற 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் அவர்தம் உடைமையைப் பங்கிடும். மனைவியும் பிள்ளைகளும் பெற்றோரும் இருப்பின், மனைவிக்குக் கால் பங்கு. பிள்ளைகளுக்கு அரைப் பங்கு. பெற்றோர்க்குக் கால் பங்கு. ஒருவர் 300,000 ரிங்கிட் பெறுமானமுள்ள வீட்டை விட்டுச் சென்றார் என்றும், அவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் முதிய தாயும் உளர் என்றும் வைத்துக்கொள்ளலாம். மனைவிக்கு 75,000, பிள்ளைகளுக்குத் தலைக்கு 50,000, தாய்க்கு 75,000. தாளில் பார்த்தால் இதைவிட நேர்மையான கணக்கு வேறில்லை. ஆனால் பங்கிடப்படுவது ஒரே வீடு. அதில் ஐவர் பங்காளிகள். பிள்ளைகள் பதினெட்டு வயது நிரம்பாதவர்களாயின், அவர்தம் பங்கை நீதிமன்ற அனுமதியின்றி விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. சில ஆண்டுகளில் அந்த மூதாட்டியும் உயிலின்றி மறைந்தால், அவருடைய கால் பங்கு அவர்தம் வழித்தோன்றல்களுக்குப் பிரியும். மறைந்த மகனின் பிள்ளைகளுக்கு அதில் ஒரு துண்டு கிடைக்கும். எஞ்சியவை அவனுடைய அண்ணன் தம்பியர்க்கும் அக்காள் தங்கையர்க்கும் போகும். கணவன் தவணை கட்டி, மனைவி கூட்டிப் பெருக்கிக் காத்த வீட்டில் மைத்துனர்மார் பங்குதாரர் ஆகின்றனர். யாரும் தீயவரல்லர், யாரும் சட்டத்தை மீறவுமில்லை. கணவர் ஒரு தாளில் நான்கு வரி எழுதாமற் போனதன் விளைவு இது.

இந்தக் கால் பங்காவது கிடைப்பது சட்டம் ஏற்கும் மனைவிக்கு. இங்கேதான் தோட்டப்புறத்துத் தமிழர் வாழ்வின் ஆழமான புண் ஒன்று வெளிப்படுகிறது. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. அதன்பின் முஸ்லிம் அல்லாதார் திருமணம் பதிவு பெற வேண்டும். ஆலயத்தில் மேளம் முழங்கத் தாலி கட்டி, ஊர் கூடி வாழ்த்திய திருமணங்களுள் பதிவேட்டில் ஏறாதவையும் உள. முதலாம் ஆண்டுச் சேர்க்கையின்போது பிறப்புச் சான்றிதழைப் புரட்டும் தலைமையாசிரியர்கள் இதனை அறிவர். தந்தை பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாய் இருக்கும். அந்தப் பிள்ளையை நாள்தோறும் பள்ளி வாயிலில் இறக்கிவிடும் தந்தை நாளை மறைந்தால், தன்னை மனைவியென்று மெய்ப்பிக்கும் சுமை, தாலியறுத்த பெண்ணின் தலையில் விழுகிறது. பிள்ளைகளோ தந்தையின் உடைமைக்கு உரிமையற்றவர்களாகக் கருதப்படும் இடர் நேர்கிறது. பதிவுக்கு வேண்டிய அதிகாரம் பெற்ற துணைப்பதிவாளர்கள் ஆலயங்களிலேயே இருக்கின்றனர். பத்திரிகை அடிப்பதற்கும் படம் பிடிப்பதற்கும் மறவாத குடும்பத்தார் இவ்வொரு கையொப்பத்தை மட்டும் எவ்வாறு மறக்கின்றனர் என்பது விளங்கவில்லை.

இத்தகைய குடும்பத்துக்கு உயில் இரட்டிப்பு இன்றியமையாதது. உயிலில் இன்னாருக்கு இது என்று பெயர் சொல்லி எழுதினால், மணப்பதிவு இல்லை என்னும் குறை அக்கொடையைத் தடுக்காது. ஆனால் இதில் ஒரு நுட்பமும் உண்டு. உயில் எழுதிய பின் சட்டப்படி மணம் செய்துகொண்டால், அந்த மணத்தை எதிர்நோக்கி எழுதப்பெற்றதாக இருந்தாலன்றி முன்னைய உயில் செல்லாதொழியும். ஆகவே முதலில் பதிவு, பின்னர் உயில் என்பதே முறை.

பெண் பிள்ளைகள் நிலையும் பேசப்பட வேண்டியதே. "சீர் செய்து அனுப்பியாயிற்று, இனி அவளுக்கு என்ன?" என்று கேட்கும் வீடுகள் இன்றும் உள. பகிர்வுச் சட்டம் மகனையும் மகளையும் வேறுபடுத்தவில்லை, வேறுபடுத்துவோர் வீட்டார்தாம். நில அலுவலகத்து விசாரணையில் அண்ணன் நீட்டும் தாளில், உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கையொப்பமிடும் தங்கையிடம் அத்தாளின் பொருளை யாரும் விளக்குவதில்லை. பாசம் என்னும் பெயரில் அவள் வாய் அடைக்கப்படுகிறது. தந்தை தம் கையால் மகளுக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தால் அந்தத் தாளை நீட்ட எவர்க்கும் துணிவு வந்திராது. உயிலிலேயே மகளை ஒதுக்கும் தந்தையரும் இருக்கின்றனரே எனலாம். 1971-ஆம் ஆண்டுக் குடும்பப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ், போதிய பராமரிப்பு ஒதுக்கப்படாத மனைவியோ மணமாகாத மகளோ வயது வராத மகனோ உடற்குறையுற்ற பிள்ளையோ நீதிமன்றத்தை நாடலாம். மணமான மகளுக்கு அந்த வழியும் இல்லை. அவளுக்குத் தந்தையின் நேர்மை ஒன்றே துணை.

சேமநிதி, காப்புறுதி ஆகியவற்றில் பெயர் குறிக்கும் படிவமும் உயிலும் ஒன்றென்று பலர் மயங்குகின்றனர். சேமநிதியில் முஸ்லிம் அல்லாதவர் பெயர் குறித்திருந்தால், பணம் நேரே அப்பெயர் உடையவரைச் சேரும். உயிலின் வழி செல்லாது. முதல் வேலையில் சேர்ந்தபோது தாயின் பெயரைக் குறித்துவிட்டு, தாய் மறைந்து பத்தாண்டுகள் கடந்த பின்னும் படிவத்தைத் திருத்தாதோர் உளர். குறிக்கப்பட்டவர் முன்னரே மறைந்துவிட்டால் அந்த நியமனம் வெற்றுத் தாள். காப்புறுதியில் இன்னொரு சிக்கல். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்படி, கணவனோ மனைவியோ பிள்ளையோ பெயர் குறிக்கப்பட்டால் பணம் அவர்க்கே உரிய அறக்கட்டாகக் காக்கப்படும். அண்ணன் பெயரையோ நண்பர் பெயரையோ குறித்தால், அவர் அதனை நிறைவேற்றுநராகப் பெற்றுப் பகிர்ந்தளிக்கக் கடமைப்பட்டவர். அது அவருடைய பணமாகிவிடாது. ஆனால் கைக்கு வந்துவிட்ட பணத்தை அவரிடமிருந்து திரும்பப் பெறும் பாடு யாருடையது?

உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்பாரிடம் வாதிடுவது வீண். காப்புறுதி எடுத்த நாளில் அவர்கள் இறக்கவில்லை. அதுவும் இறப்பை முன்னிட்ட முறிதான்.

தமிழாசிரியர்கள்பால் வருவோம் என்றால், அவர்களே முதற்கண் வினவப்பட வேண்டியவர்கள். தோட்டத்து மக்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவர் தமிழாசிரியர். அடையாள அட்டைப் படிவத்தையும் குடியுரிமைப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தவர் தமிழாசிரியர். அத்தகைய மரபில் வந்தோர் இன்று மேடையில் மொழிப்பற்றைப் பேசுகின்றனர். தம் மாணவரின் பெற்றோர் இறப்பினும் அக்குடும்பம் நிலைகுலையாமல் இருக்க ஒரு தாள் எழுதப்பட்டுள்ளதா என்று கேட்க நாணுகின்றனர். கேட்காமைக்குத் தலையாய காரணம், அவர்களே எழுதியிருப்பதில்லை என்பதாகும். ஓய்வூதியம் இருக்கிறதே என்று அவர்கள் அமைதி கொள்ளலாம். ஓய்வூதியம் வீட்டைப் பெயர் மாற்றித் தராது. தாய் தந்தை இருவரும் ஒரே விபத்தில் மறைந்தால் பிள்ளைகளை வளர்ப்பவர் யாரென்றும் சொல்லாது. பொறுப்பாளரை உயிலில் பெயர் குறிக்கும் உரிமை தாய்க்கும் தந்தைக்கும் உண்டு. எழுதப்படாவிடின், தாத்தா வீட்டுக்கும் மாமன் வீட்டுக்கும் இடையில் அக்குழந்தைகள் இழுபடுவர். அந்த இழுபறி முதலில் தெரியவருவதும் வகுப்பறையில்தான்.

இது பள்ளியின் வேலையன்று என்பாரும் உளர். ஆறாம் ஆண்டு மாணவனுக்கு உயில் கற்பிக்கும்படி யாரும் கேட்கவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் குறைகளும் நன்கொடைகளும் பேசி முடிந்தபின் அரை மணி நேரம் ஒதுக்கி, வழக்கறிஞர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்வதில் பாடத்திட்டம் கெட்டுவிடாது. ஆசிரியர் பயிற்சிக் கழகங்களிலிருந்து வெளிவரும் இளைஞர்கள் முதற்சம்பளம் வாங்கும் ஆண்டிலேயே இதைத் தொடங்கலாம். 1921-இல் பொது அறங்காவலர் அலுவலகமாகத் தோன்றி, 1995-இல் நிறுவனமாக்கப்பட்ட அமானா ராயாவிலும் உயில் எழுதிக் காக்க ஏற்பாடு உண்டு. வாணிக உடைமையும் பங்காளி வழக்கும் உள்ளவர் வழக்கறிஞரிடம் செல்வதே தக்கது. ஒரு வீடும் ஒரு குடும்பமும் உள்ளவர்க்கு 1959-ஆம் ஆண்டு உயில் சட்டம் கேட்பது மிகச் சிறிது. எழுதுவோர் பதினெட்டு வயது நிரம்பித் தெளிந்த மனத்தினராய் இருக்க வேண்டும். உயில் எழுத்தில் அமைந்து, இறுதியில் கையொப்பம் பெற வேண்டும். சாட்சியர் இருவர் வேண்டும். முத்திரைத்தாள் கேட்கவில்லை, எந்த மொழியில் எழுத வேண்டும் என்று கட்டளையிடவும் இல்லை. தமிழிலேயே எழுதலாம், நீதிமன்றத்துக்குச் செல்லும்போது மொழிபெயர்ப்பை இணைத்துக்கொள்ளலாம். தமிழில் பிழையின்றி எழுத வல்லார் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் இருக்கின்றனர்.

சாட்சியர் பற்றி மட்டும் விழிப்பு வேண்டும். உயிலால் பயன்பெறுவோரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையொப்பமிட்டால் அவருக்கு எழுதிய கொடை செல்லாது. அன்பு மிகுதியால் மனைவியையே சாட்சியாக்கியோர் அவளுக்கு எழுதியதைத் தாமே அழித்தவராவர். இடைவேளையில் ஆசிரியர் அறைக்குள் எட்டிப் பார்த்தால், பயன்பெறாத இருவர் தேநீர் அருந்திக்கொண்டிருப்பர். எழுதியவர் கையொப்பமிடும்போது அவ்விருவரும் ஒருங்கே உடனிருக்க வேண்டும். மூலப்படி எங்குள்ளது என்பதை நிறைவேற்றுநரிடம் அன்றே சொல்லிவைக்கவும் வேண்டும். தகரப் பெட்டியில் பூட்டிச் சாவியை எங்கோ ஒளித்துவிட்டு, சொல்லாமலே போய்விட்டவர்களும் இருக்கின்றனர்.