ஹெல்பர் என்று பேர் போடாதே!

"பைப் வெல்டிங் பாஸ் பண்ணுவது அவனவன் சொந்த ஆசை. அதில் சங்கத்துக்கு என்ன வேலை?" என்று எமது மாவட்டக் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். துரைமார் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். கேட்டவர் நம்மவர் என்பதால் எழுதுகிறோம்.

ரத்தோட்டை, கம்மடுவ, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் தேயிலை உலர்த்தும் இயந்திரம் நின்றால் லயத்துக்கு யாரைத் தேடி ஆள் வருகிறது? பட்டறைப் பையனைத்தான். கறுப்புக் கண்ணாடிகூட ஒழுங்காக இல்லாமல் விடியும்வரை ஒட்டிக் கொடுப்பவன் அவன். காலையில் செக்ரோலில் அவன் பேர் "ஹெல்பர்". 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா நாட்சம்பளம் நிர்ணயித்தபோது அவனுக்கும் அதுதான் கிடைத்தது. பத்து வருடம் ஒட்டினாலும் அவன் வெல்டர் இல்லை, ஏனென்றால் கையில் கடதாசி இல்லை.

அந்தப் பையன் 6ஜி பரீட்சையைக் கனவு காண்கிறான். அது என்ன என்பதை நமது தலைவர்களும் தெரிந்துகொள்ளட்டும். குழாயை 45 பாகை சரிவில் அசையாமல் பூட்டிவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் குனிந்தும் நிமிர்ந்தும் அதைச் சுற்றி வர வேண்டும். பெரும்பாலும் முதல் ஓட்டு டிக் முறையில், அதன்மேல் குச்சியில். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது துண்டுகளாக வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். அடியில் உருகிச் சேராத இடம் இருந்தால் தோல்வி.

எக்ஸ்ரே படம் நீ லயத்தில் பிறந்தவனா என்று கேட்பதில்லை, எந்த மொழி பேசுகிறாய் என்றும் கேட்பதில்லை. அதுவரை போகும் வழியில்தான் அந்தக் கேள்விகள் எல்லாம் நிற்கின்றன. வேலை செய்தே கற்றவரைச் சோதித்து என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் முன்கற்றல் அங்கீகார முறை இந்த நாட்டில் இருக்கிறது. நமது பையன்களில் எத்தனை பேருக்கு அதைத் தமிழில் யாராவது சொன்னார்கள்? தமிழும் அரசகரும மொழி என்று 13ஆம் திருத்தம் எழுதியது 1987இல். பரீட்சகர் கேட்பது புரியாமல் ஒருவன் தலைகுனிந்து திரும்புவானானால் அது அவனுடைய தோல்வி அல்ல.

அடுத்தது பழகுவதற்கான செலவு. பட்டறையில் கிடைப்பது பழைய தகடும் குச்சியும்தான், டிக் மெஷின் எங்கே? ஒட்டிப் பழகிய குழாயை வெட்டி எறிய வேண்டும், மறுநாள் புதுக் குழாய் வேண்டும். நாட்சம்பளக்காரன் இதை எதைக் கொண்டு வாங்குவான்?

இந்த இடத்தில்தான் ஏஜென்ட் நுழைகிறான். "காசைக் கட்டு, 6ஜி கடதாசி தருகிறேன், வளைகுடாவுக்குப் போ." தோழர்களே, நம்பாதீர்கள். அங்கே போனதும் கம்பனிக்காரன் கையில் ஒரு குழாயைக் கொடுத்து ஒட்டிக் காட்டச் சொல்வான். ஏ.எஸ்.எம்.ஈ. விதிப்படி ஆறு மாதம் அந்த முறையில் ஒட்டாமல் இருந்தாலே தகுதி காலாவதி. இது சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் சான்றிதழ் அல்ல.

"படிக்க வைத்தால் பையன்கள் தோட்டத்தை விட்டு ஓடிவிடுவார்கள்" என்பது நிர்வாகங்களின் பழைய பாட்டு. இப்போது மட்டும் என்ன, கடைகளில் மூட்டை தூக்கக் கொழும்புக்கு ஓடவில்லையா? அழுத்தக் குழாய்களுள்ள நீர்மின் நிலையங்கள் நமது மாவட்டத்திலேயே உக்குவளையிலும் போவத்தென்னவிலும் இருக்கின்றன. அங்கே வெல்டராகப் போக நம் பிள்ளைக்கு ஏன் வழியில்லை?

நாமும் குற்றமற்றவர்கள் அல்ல. சம்பளப் பேச்சு என்றால் கொழுந்துக் கிலோவோடு நிறுத்திக்கொண்டு, பட்டறைக்குள் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டோம்.

ஆகவே கேட்கிறோம்: வெல்டிங் செய்கிறவனை வெல்டர் என்றே செக்ரோலில் எழுது. பரீட்சைக்குப் போகும் நாளுக்குப் பேர் போடு. சோதனையைத் தமிழில் நடத்து. சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து பழகும் குழாய்க்குப் பணம் ஒதுக்கு. கடைசிக் கோரிக்கை எமக்கு நாமே வைப்பது. அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டக் கமிட்டித் தலைவரும் தமது பட்டறைப் பையன்களின் பெயர்ப் பட்டியலோடு வர வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்ட தோழரும்தான்.